தியாகேசன் கிழித்த தாள்கள்

வேம்பு எடுத்துப் போன மர்மக் கதைப் புத்தகத்தில் கடைசி நாலு தாள் இல்லை. வெள்ளிக்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்கையில், "இதுல முடிவு இல்லீங்கய்யா" என்று மட்டும் சொன்னாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. நடவு நட்டு இடுப்பு விட்டுப்போயிருந்தது, பேசவே தெம்பில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தையல்காரர் தியாகேசன் அதே புத்தகத்தை மறுபடி நீட்டினார். உள்ளே நாலு தாள், நீல மையில் அவர் கையெழுத்து, ரவிக்கைக்குத் தைப்பதுபோல நெருக்கமாக நூல் போட்டுத் தைத்திருந்தது. மாயவரத்தில் இன்னொருத்தரிடம் அதே புத்தகம் இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போய், உட்கார்ந்து பார்த்து எழுதி வந்தாராம். இதை அவர் சொல்லவில்லை. பக்கத்துப் பூக்கடைக்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

குத்தாலம் கடைத்தெருவில் ஒரு தையல் மிஷினும் ஒரு கரி இஸ்திரிப் பெட்டியும் வைத்திருந்தவர் தியாகேசன். துணி அடுக்க வேண்டிய பலகையில் புத்தகம் அடுக்கி வைத்திருந்தார், அத்தனையும் மர்மக் கதை. வாரத்துக்கு ஒன்று என்று வாடகைக்குக் கொடுப்பார். வேம்பு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அவள் தெருவில் அதுவே பெரிய படிப்பு. மற்ற கடைகளில் அவளுக்குச் சாமானைப் பலகைமேல் வைத்துத் தள்ளுவார்கள். தியாகேசன் கையில் கொடுப்பார்.

அவர் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் முடிவிலும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருப்பார். அட்டையில் ஒட்டினால் பிய்ந்துவிடுகிறதென்று, கடைசிப் பக்கத்தின் முதுகிலேயே மைதா பசை தடவி முழுசாக ஒட்டிவிடுவார். படித்தவர்கள் அதில் கருத்து எழுதலாம். பெயர் போடக்கூடாது, குற்றவாளி யாரென்றும் சொல்லக்கூடாது. எந்தப் பக்கத்தில் சந்தேகம் வந்தது என்று மட்டும் கட்டாயம் எழுத வேண்டும்.

அந்தத் தாள்களைப் படிக்கத்தான் வேம்புவுக்குப் பாதி ஆசை. "முப்பத்தாறாம் பக்கத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆசிரியர் இன்னும் உழைக்க வேண்டும்" என்று ஒருவர் எல்லாப் புத்தகத்திலும் எழுதுவார். எழுதியதைக் கடையிலேயே எல்லாரிடமும் சொல்லிவிடுகிற பள்ளிவாசல் தெரு ஜன்னத் பீவி, "கடைசி வரைக்கும் சந்தேகம் வரவில்லை. நல்லவர் என்று நம்பினேன். மனசு கஷ்டமாகிவிட்டது" என்று எழுதியிருப்பார். வேம்புவின் எழுத்து எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். சின்ன வயதில் கருக்கரிவாள் பட்டு வலதுகை ஆள்காட்டி விரல் மடங்கிப்போனதால் பென்சிலை நடுவிரலில் பிடிப்பாள். ஒரு தடவை எழுதினாள்: "இவ்வளவு பெரிய வீட்டில் நடந்ததெல்லாம் வேலைக்காரிக்குத் தெரியும். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டாம் பக்கம்." அதற்குக் கீழே முப்பத்தாறாம் பக்கத்துக்காரர், "அவளைக் கேட்டால் கதை பத்துப் பக்கத்தில் முடிந்துவிடும்" என்று எழுதி வைத்தார். வேம்பு அதை நினைத்து நினைத்து நாற்றங்காலில் சிரித்தாள்.

குத்தகைக்கு உழுகிறவன் பேரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. மிராசுதாரர்கள் ஒருபக்கம், கொடி பிடித்த சங்கத்துக்காரர்கள் ஒருபக்கம் என்று ஊருக்கு ஊர் சண்டை. வேம்புவின் அண்ணன் வீரையன் ஆறு மா நிலத்தை இருபது வருஷமாகக் குத்தகைக்கு உழுதான். சாவடியில் ஒட்டிய பட்டியலில் அவனையும் தெருவில் இன்னும் ஆறு பேரையும் கூலியாள் என்று எழுதியிருந்தது. அப்படியே நிலைத்துவிட்டால் நிலம் கையைவிட்டுப் போகும். மனு எழுத வெளியாளைத் தேடினால் விஷயம் கசிந்துவிடும். வேம்புவே அம்மனைக் கும்பிட்டுவிட்டு எழுதினாள். பேர் போடாமல், "பாதிக்கப்பட்டவர்கள்" என்று போட்டு அனுப்பினாள்.

பயத்தில் எழுதியதில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. "பட்டியலின் பன்னிரண்டாம் பக்கத்திலேயே எங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது" என்று எழுதியிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனபோது, மிராசுதாரரின் ஏஜெண்டு இராஜாங்கம் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"ஆபீசுல மனுவைக் கண்ணால பாத்தேன், டைலரே. பன்னிரண்டாம் பக்கத்துல சந்தேகம் வந்துதாம். இந்த ஜில்லாவுல பக்கம் போட்டுச் சந்தேகப்படுறவன் உம்ம கடையில புஸ்தகம் எடுக்கிறவன்தான்."

"பலபேரு எடுக்கிறாங்க. நீங்களும் எடுக்கிறீங்க."

"நான் முப்பத்தாறாம் பக்கம். அது உமக்கே தெரியும்." இராஜாங்கம் சிரித்தார். "எழுத்து இடப்பக்கம் சாயுது. படிச்ச பய எவனோ. உம்ம புஸ்தகம் அத்தனையும் வேணும். அந்தக் கை என்னென்ன எழுதியிருக்குன்னு பாத்தா எந்தத் தெரு ஆளுன்னு தெரிஞ்சிடும். நாளைக்கு வண்டி அனுப்புறேன். விசாரணைக்கு முன்னால ஆளு தெரிஞ்சா போதும். குடியிருக்கிற கொல்லை எங்களுது. வீட்டைப் பிரின்னு சொன்னா, மனுவைத் தானே வாபஸ் வாங்குவான்."

அப்போதுதான் வேம்புவைப் பார்த்தார். "இது என்ன, தைக்கக் குடுக்கவா?"

"ரவிக்கைங்க. நாளைக்கு வரச் சொல்லியிருந்தேன், இன்னைக்கே வந்துட்டுது" என்றார் தியாகேசன், தலை நிமிராமல்.

"கேட்டுதா? நாளைக்கு வா" என்று இராஜாங்கம் அவளை அனுப்பிவிட்டார். மடங்கிய விரல் முந்தானைக்குள் புத்தகத்தின்மேல் இருந்தது. அவள் வீடு வரைக்கும் அதை வெளியே எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை வேலைக்குப் போகாமல் கடைக்கு ஓடினாள். கையிலிருந்த புத்தகத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும். பிறகு, தன் எழுத்து இருக்கிற தாள்களை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று காலில் விழுந்தாவது கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. தியாகேசன் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் புத்தகங்கள், எல்லாம் முதுகு பிளந்து கிடந்தன. இஸ்திரிப் பெட்டி மூடி திறந்து கிடக்க, உள்ளே கரியோடு காகிதம் எரிந்துகொண்டிருந்தது.

"எல்லாத்தையுமா கிழிச்சீங்க?"

"உன்னுதை மட்டும் கிழிச்சா அதுவே அடையாளமாப் போயிடாதா? நீ என்ன மர்மக் கதை படிக்கிறே" என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "தாள் மட்டும் உரிஞ்சு வரலை. பசை நல்லாப் புடிச்சிருக்கு. கடைசிப் பக்கமும் சேந்தே வந்துட்டுது. அறுபத்திரண்டுலயும். உங்கையில இருக்கிறதையும் குடு."

வேம்பு கொடுத்தாள். அவர் அதையும் கிழித்தார். யார் கொலை செய்தது, யார் தப்பித்தது எல்லாம் சாம்பலானது. அந்தச் சூட்டிலேயே அவர் யாருடைய சட்டையையோ எடுத்து இஸ்திரி போட்டார்.

மத்தியானம் வண்டியோடு இராஜாங்கமே வந்தார். என்ன நடந்தது என்று பூக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

"என்னய்யா இது?"

"கரையானுங்க."

"அறுபத்து மூணு புஸ்தகத்துலயும் கடைசிப் பக்கத்தை மட்டும் தின்ன கரையானா? படிச்ச கரையான்தான்."

"அங்கதானுங்களே பசை இருந்துது."

இராஜாங்கம் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தாராம். "உம்மை மட்டும் நான் எந்தப் பக்கத்துலயும் சந்தேகப்பட்டதில்லையே, டைலரே" என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு போனாராம்.

அதோடு மிராசு வீட்டுத் தையல் நின்றது. அந்த வீட்டுக்குப் பயந்தவர்கள் துணியும் நின்றது. முடிவில்லாத புத்தகத்தை வாடகைக்கு யார் எடுப்பார்கள்? ஜன்னத் பீவி மட்டும் கொஞ்ச நாள் எடுத்தார். "முடிவு தெரியாம தூக்கம் வரமாட்டேங்குது, அண்ணே" என்று முறையிட்டு அவரும் நின்றார். வேம்பு ஞாபகத்திலிருந்து ஒரு கதையின் முடிவை எழுதிக் கொண்டுபோனாள். தியாகேசன் படித்துப் பார்த்தார், நல்லாயிருக்கிறது என்றார், அதையும் இஸ்திரிப் பெட்டியில் போட்டார். "விசாரணை முடியட்டும். அதுவரைக்கும் உன் எழுத்து எங்கேயும் இருக்கக்கூடாது."

மனுவில் பேர் இல்லாததால், பட்டியலில் கூலியாள் என்று இருந்த எல்லாரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அது லேசில் முடிந்துவிடவில்லை. நாலு வாய்தா. ஒவ்வொரு தடவையும் வீரையன் வேலையை விட்டுவிட்டுப் போய், மரத்தடியில் காத்திருந்து, இன்னொரு தேதியோடு திரும்பினான். இரண்டு நடவு, இரண்டு அறுப்பு போயின. கடைசியில் ஏழு பேரில் ஐந்து பேருடைய பேர் ஏறியது. வீரையன் பேர் அதில் இருந்தது. அம்மன் புண்ணியம் என்று வேம்பு மாவிளக்குப் போட்டாள். சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருந்தது. விட்டுப்போன இரண்டு பேரும் அதே தெருதான், தினம் முகத்தில் விழிக்க வேண்டும்.

அந்தச் செய்தியோடு கடைக்குப் போனால் மிஷின் இல்லை. வேதாரண்யத்தில் மகள் வீட்டுக்குப் போகிறார் என்றார் பூக்கடைக்காரர். வேம்பு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். தியாகேசன் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

அவள் சேதியைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். என்னால்தானே என்ற வார்த்தை வாய்வரை வந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"பேர் ஏறாத ரெண்டு பேருக்கும் மேல மனு போடணும்னு கேக்குறாங்கய்யா. எனக்குப் பயமா இருக்கு. எழுதட்டுமா?"

பஸ் வந்தது. தியாகேசன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஜன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்தபிறகுதான் பதில் சொன்னார்.

"எழுது, வேம்பு. பக்கம் மட்டும் போடாதே."