விருந்தாளி முன்னால் குறை சொல்லலாமா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். அப்போது என் மகள் ஒரு மில்லில் வேலையில் இருந்தாள். எட்டாவது மட்டும் படித்த எனக்கு உலக நாட்டு விஷயம் எதற்கு என்றும் தோன்றும். இப்போது அவள் கல்யாணமாகி மில்லை விட்டுவிட்டாள். எழுதுகிறேன்.

அன்னூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை. மகள் அங்கேயே விடுதியில் இருந்தாள். பாதுகாப்பு என்று சொல்லி, பண்டிகைக்குத் தவிர பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையாவது அவளை வீட்டுக்கு அனுப்பு தாயே என்று மாதாவிடம் அழுதிருக்கிறேன்.

ஒருநாள் பெற்றோரை மில்லுக்கு அழைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் வெளிநாட்டு அம்மா ஒருவரும் நம் அரசாங்க அதிகாரியும் இருந்தார்கள். கூட வந்த தமிழ்ப்பெண் விளக்கினாள்: ஐ.நா. சபையில் ஒவ்வொரு நாட்டையும் முறைவைத்து, உங்கள் ஜனங்களின் உரிமை எப்படி இருக்கிறது என்று மற்ற நாடுகள் கேட்குமாம்; இன்னின்னதைச் சரிசெய்யுங்கள் என்று சொல்லுமாம். வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி நம் நாட்டுக்கும் சொன்னார்களாம், இந்த அம்மாவின் நாட்டுக்கும் சொன்னார்களாம். அதைச் செய்துகாட்டத்தான் இரண்டு நாடும் கைகோத்திருக்கின்றனவாம்.

"ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு குறையுமில்லீங்க. நல்லாப் பாத்துக்கறாங்க."

எல்லோரும் அதையே சொன்னோம். வந்த விருந்தாளியிடம் குறை சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

அந்த அம்மா சிரித்தார். தன் நாட்டிலும் தாய்மார் முதலில் இப்படித்தான் சொன்னார்கள் என்றாராம். பிறகு என்னைப் பார்த்து, மகள் வீட்டுக்கு வந்தால் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டார்.

"வந்தாத்தானுங்களே ஆக்கறதுக்கு!" வாய் முந்திக்கொண்டது.

கூடமே சிரித்தது. பின்னாலிருந்த ஒரு அக்கா, "அம்மணி சொல்லிப்போட்டா, இனி நமக்கென்ன? எம்பட புள்ளையும் பொங்கலுக்குத்தானுங்க ஊட்டுக்கு வாரா" என்றார். அப்புறம் ஒவ்வொருவராக ஆரம்பித்துவிட்டார்கள்.

ஓரமாக இருந்த மில் மேனேஜர் எழுந்தார். "வழியில ஒன்னு ஆயிட்டா என்னையத்தானுங்களே கேப்பீங்க?"

அவர் பயமும் நியாயம்தான். தன் நாட்டில் மில் வண்டியே ஞாயிறு காலையில் பிள்ளைகளைப் பஸ் ஸ்டாண்டில் விட்டு, சாயங்காலம் ஏற்றிக்கொள்கிறது என்றார் அந்த அம்மா. இங்கும் அப்படிச் செய்து பார்க்கலாமே என்றார் அதிகாரி. மேனேஜர் யோசித்துவிட்டு, சரியென்று தலையசைத்தார்.

சில வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதிப் பிரசங்கத்தில் யாரோ என் தோளை இடித்தார்கள்.

"தள்ளி உக்காரும்மா."

என் மகள்! அதற்குமேல் எனக்குப் பிரசங்கம் காதில் ஏறவில்லை.

அந்த அம்மாவின் நாடு எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. அங்குள்ள தாய்மாருக்கும் சேர்த்தே ஜெபமாலை சொல்கிறேன். படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். நான் தைரியமாகப் பேசினேன் என்று கூட்டிச் சொல்லவேண்டாம், மேனேஜரைக் கெட்டவராக்கவும் வேண்டாம். ஆண்டவர் நடத்தியதை நடந்தபடியே சொன்னால் போதும்.