ட்ரோனுக்குப் பிடித்த குடை

அகரம் பக்கம் வயல்களுக்கு ட்ரோனில் மருந்தடிப்பது என் வேலை. மருந்துச் சாரல் உள்ளே போய்விடுமோ என்று பயந்து, அதன் காற்றுத் துளைகளை ஒருநாள் டேப் ஒட்டி அடைத்துவிட்டேன். பாதி வயலிலேயே உள்ளிருந்த போர்டு சூடேறி, ட்ரோன் தானாக வரப்பில் இறங்கிவிட்டது.

வயல்கார அக்கா, "என்னாச்சு தம்பி?" என்று கேட்டார்.

"வெயில் தாங்கலக்கா," என்றேன்.

அவர் குடை எடுக்க வீட்டுக்குப் போன நேரத்தில் டேப்பை உரித்துப் பைக்குள் திணித்தேன். திரும்பி வந்தவர், ட்ரோனுக்குக் குடை பிடித்தபடி அரைமணி நேரம் வெயிலில் நின்றார். பிறகு மீதி வயலுக்கு அது ஒழுங்காக மருந்தடித்து முடித்தது.

"செத்த நேரம் நெழலு கெடச்சதும் தெளிஞ்சிருச்சு பாத்தியா," என்றார். நான் தலையாட்டினேன்.

இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போகிறேன். நான் வண்டியை நிறுத்தும் முன்பே அவர் குடையோடு வரப்பில் நிற்கிறார்.