எருமையோடு ஒரு படம்

துடியலூரில் எங்கள் வீதி ராமாத்தாளை நல்லவள் என்று யாரும் சொன்னதில்லை. வாய் அப்படி. ஆனால் பாலில் தண்ணீர் ஊற்றமாட்டாள். புருஷன் செத்த பிறகு ஒரே எருமையை வைத்து மகளைக் கட்டிக்கொடுத்தாள். அது போனால் அவளுக்குச் சோறு இல்லை.

தொண்ணூறுகளில் ஒரு கோடையில் மஞ்சள் காமாலை பரவியது. சிலர் செத்தும் போனார்கள். ஆர்.எஸ்.புரத்து சின்ன டாக்டர் ஒருவர், நாலைந்து வீட்டுப் பாலைச் சோதித்துவிட்டு, கிருமி பாலில் இருக்கலாம் என்று டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் வாசித்தார். மாலைப் பேப்பர் நிருபர் மோகன்குமார் அவரை விடவில்லை. எங்கள் வீதிக்கு வர இருவரும் ஏறியது என் ஆட்டோவில்தான்.

"இதை இன்னும் யாரும் சரிபார்க்கலீங்க," என்றார் டாக்டர்.

"உங்க பேரு வராதுங்க. ஆய்வு சொல்லுதுன்னு போட்டுக்கறேன். சரிபார்க்கறதுக்குள்ள அடுத்த பேப்பர்காரன் போட்டுருவானுங்க."

டாக்டர் வழியிலேயே இறங்கிக்கொண்டார்.

மோகன்குமார் ராமாத்தாள் வாசலில் இறங்கி, எதற்கென்று சொல்லாமல், எருமையோடு பேப்பரில் படம் போடுகிறேன் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எருமையைக் கழுவி, கொம்புக்கு எண்ணெய் பூசி, மாட்டுப்பொங்கல் சலங்கையைக் கட்டினாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த தன் சேலையைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள்.

"ஒரு டம்ளர் பால் குடிங்க கண்ணு."

"வெளியில குடிக்கறதில்லீங்க அம்மணி."

பால் ஊற்றும் வீடெல்லாம் போய்ப் பேப்பர் வாங்கச் சொல்லிவைத்தாள்.

மறுநாள் முதல் பக்கத்தில் படம். மேலே, 'காமாலைக்குக் காரணம் பால்: ஆய்வில் அம்பலம்.'

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கிழித்திருப்பாள். "நாளையிலிருந்து வேண்டாமுங்க," என்று கதவைத் திறக்காமலே மரியாதையாகச் சொன்னார்கள். மகளும், "குழந்தைங்க இருக்கறாங்க, கொஞ்ச நாளைக்கு ஊட்டுப் பக்கம் வராதீங்கம்மா," என்றாள். கறந்த பால் சாக்கடைக்குப் போயிற்று. எருமையை உள்ளூரில் வாங்க ஆளில்லை. கேரளா லாரியில் அடிமாடாக ஏறியது.

அப்புறம் பெரிய டாக்டர்கள் பார்த்தார்கள். பாலில் ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தது. பேப்பரில் சினிமா விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி வந்தது.

மோகன்குமார் மறுபடி வந்தார், என் ஆட்டோவில்தான். "இன்னொரு படம் போட்டு உங்க பேரைச் சரிபண்ணிரலாமுங்க. எருமை எங்கீங்க?"

"கறியாயிருச்சு."

"எருமை இல்லாம படம் எடுபடாதுங்களே. பக்கத்துல ஒண்ணு கேட்டுப் பாருங்க."

ராமாத்தாள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, எதிர்வீட்டு வெள்ளியங்கிரியிடம் கேட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மணி," என்றார் அவர், தன் எருமையைத் தடவியபடி. "உங்க கூட நின்னா எங்க மாட்டுக்கும் பேரு கெட்டுப்போகுமுங்க."

மோகன்குமார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பினேன். ராமாத்தாள் அதே கல்யாணச் சேலையில் வீதியில் நின்றிருந்தாள்.