எங்கள் கல்லூரி மானியம் கேட்ட கதை

மானியம் வாங்குவது எப்படி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர்களை நான் ஒரு காலத்தில் மதித்தேன். சிதம்பரத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய்வந்ததோடு அந்த மதிப்பு தீர்ந்தது.

அப்போது நான் கடலூரில் ஒரு அறக்கட்டளையின் சமுதாயக் கல்லூரியில் நோயாளி பராமரிப்புப் படிப்பை நடத்திக்கொண்டிருந்தேன். கல்லூரி என்பது பெரிய வார்த்தை. தாளாளருக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தின் மாடி, அவ்வளவுதான். கீழே நாதஸ்வரம் ஆரம்பித்தால் மேலே நாடி பார்க்கக் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும். பயிற்சிக்கு ஒரு கட்டில்கூடக் கிடையாது. இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, ஒரு மாணவியைப் படுக்க வைத்து, படுக்கைப்புண் வராமல் நோயாளியை எப்படித் திருப்புவது என்று காட்டுவேன். அந்தப் பெஞ்சில் படுத்தால் நல்ல உடம்பிலேயே புண் வரும்.

ஆய்வுக்கு வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு, ஜூனுக்குள் கட்டிலும் பயிற்சிப் பொம்மையும் இல்லையென்றால் படிப்புக்கு அனுமதி கிடையாது என்று எழுதிவிட்டார்கள். தாளாளர் கைக்காசு போடுகிற ஆள் இல்லை. சமுதாயக் கல்லூரிகளுக்கென்று ஒரு மானியத் திட்டம் வந்திருந்ததால் பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அந்த ஜூனை நம்பி ஒருத்தி காத்திருந்தாள். கம்மாபுரத்துக்காரி. கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கூட்டித் துடைக்கும் வேலை. எங்கள் சான்றிதழைக் கொண்டுவந்தால் வார்டு உதவியாளராக எடுத்துக்கொள்வதாக அங்கே சொல்லியிருந்தார்கள். சேருவதற்கு வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு ஆகஸ்டில் முப்பத்தைந்து முடிகிறது.

"இந்த வருஷம் வுட்டா எனக்கு இல்ல மேடம்," என்று ஜனவரியிலேயே வந்து சொன்னாள். மாதம் ஒருமுறை போன் செய்து கேட்டுக்கொண்டும் இருந்தாள்.

சிதம்பரத்துப் பயிலரங்கில் பேசியவர் அந்தப் புழுக்கத்திலும் டை கட்டியிருந்தார். தன் வாழ்நாளில் ஒரு மானியமாவது வாங்கியிருக்கிறாரா என்று நான் கேட்டபோது, அது இரண்டாம் நாள் வரும் என்றார். இரண்டாம் நாள் குழுப் புகைப்படம்தான் வந்தது. எதிர்காலம், அதிகாரமளித்தல், நீடித்த வளர்ச்சி ஆகிய மூன்றையும் பக்கத்துக்கு இரண்டு தடவையாவது எழுத வேண்டும் என்பது அவர் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை. முப்பது ஆசிரியர்கள் அதை விழுந்து விழுந்து எழுதிக்கொண்டார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் எதிர்காலத்தை நாற்காலியிலேயே போட்டுவிட்டு ஓடினார்கள். இலவசமாகக் கொடுத்த சணல் பையில் ஜிப் இல்லை என்று எங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் சண்டையே போட்டார். சம்பளம் சரியாக வராததற்கு அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்து மூன்று வாரம் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன். பாடம் நடத்துகிறவர்தான் ஒருங்கிணைப்பாளராக இருக்க வேண்டும் என்பது விதி. என் பெயரைப் போட்டுத் தாளாளரிடம் கொடுத்தேன். மறுநாள் வந்தபோது என் பெயர் இருந்த இடத்தில் அவருடைய மச்சான் பெயர் இருந்தது. மச்சான் கீழே மண்டபத்துக்குப் பந்தி, பாத்திரம் பார்க்கிறவர். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பன்னிரண்டு வருடம் நோயாளி பராமரிப்பு நடத்தியவர் என்று எழுதியிருந்தார்கள். அது என்னுடைய பன்னிரண்டு வருடம். கட்டிலுக்குக் கீழே, தாளாளர் அறைக்கு ஏசி என்றும் ஒரு வரி முளைத்திருந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

"வெளியேருந்து நிதி வர்ற சமாச்சாரம், வீட்டு ஆளா இருந்தாதான் சரி. எப்படியும் நீங்கதான எல்லாம் பாக்கப் போறீங்க," என்றார் தாளாளர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலையை விட்டுவிட முடியாத வயது. சரி என்றேன்.

இணையத்தில் பதிந்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்ட பிரதியை அனுப்ப வேண்டும். முதல் பக்கத்தின் மூலையில் ஒரு பார்கோடு. அதன்மேல் எந்தக் குறியும், கறையும் படக் கூடாது என்று குறிப்பில் போட்டிருந்தது. அதைப் படித்தவள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. திருவந்திபுரத்தில் பெருமாள் பாதத்தில் வைத்துவிட்டுத்தான் அனுப்புவது என்று முடிவாகியிருந்தது. படிப்புச் சமாச்சாரம்தானே, மலையேறி ஹயக்ரீவரையும் பார்த்துவிடலாமே என்றேன். படி ஏறினால் மூச்சு வாங்கும் என்று மச்சான் சொல்லிவிட்டார். மானியத்துக்குக் கீழே இருக்கிறவரே போதும் என்று நினைத்தார்களோ என்னவோ.

பூஜை முடிந்து வெளியே வந்ததும் மச்சான் மஞ்சளைக் குழைத்து, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி, விண்ணப்பத்தின் நான்கு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்தித் தடவினார். மேலே குங்குமம் வைத்தார். பார்கோட்டின் பாதிக் கோடுகள் மஞ்சளுக்குள் போய்விட்டன.

நான் பக்கத்தில்தான் நின்றேன். பார்த்தேன். கூரியர் கடை மூட இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. இன்னொரு பிரதி எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

"எல்லாம் சரியா இருக்குதுங்களா மேடம்?" என்று தாளாளர் கேட்டார்.

"சரியா இருக்குது சார்," என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அப்படி ஒரு திருப்தி. கொடுத்த புளியோதரையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

ஏப்ரலில் ஒரு வரிப் பதில் வந்தது. பார்கோடு படிக்க இயலாததால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி, மேலிடத்தைக் கவனிக்காததால் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டார்கள் என்றார் தாளாளர். மச்சானும் ஆமாம் போட்டார். அன்று வைத்த மஞ்சளைப் பற்றி இருவருக்கும் நினைவே இல்லை. படிப்பை மூடினார்கள். என்னை அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். சம்பளம் குறையவில்லை. அடுத்து, மானியம் பெறுவது எப்படி என்று நம் மண்டபத்திலேயே ஒரு பயிலரங்கு நடத்தலாம் என்று பேச்சு அடிபட்டது. டை கட்டியவர் வருவதாகவும் ஒத்துக்கொண்டுவிட்டார்.

கம்மாபுரத்துக்காரியின் போனை ஏப்ரலுக்கு அப்புறம் நான் எடுக்கவில்லை. ஜூனில் அவளே வந்தாள். மாற்றுச் சான்றிதழ், நான்கு போட்டோ, ஆதார் நகல் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில். மருத்துவமனையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். படிப்பு இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். தாளாளர் சொன்னதையே சொன்னேன். மேலே பணம் எதிர்பார்த்தார்கள், நாம் கொடுக்கவில்லை, அதனால் தள்ளிவிட்டார்கள் என்று.

உறையைப் பைக்குள் வைத்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நேர்மையா இருந்தீங்க மேடம். அது போதும். எனக்கோசரம் மனசு கஷ்டப்படாதீங்க."

மதியம் வார்டு துடைக்க வேண்டும் என்று கிளம்பிப் போனாள்.