பின்பக்கம் போகும் காற்று

அம்மாரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம்தான் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதனால் அவனுடைய தொழிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மும்பை செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் கடை. பேச்சிராஜா கடை என்றால் யாரும் வழி சொல்வார்கள். ஆளுக்குக் கொஞ்சம் வாய் நீளம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அம்மார் என் கடையில் வேலை பார்க்கிறான். தாராவியில் வீடு. எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் நான் அவனுக்கு அண்ணாச்சி. கடையில் நான் பேசுவேன், அவன் திருப்புளியைப் பிடிப்பான். இதுதான் எங்கள் ஏற்பாடு.

இந்த ஊரில் கம்ப்யூட்டரைக் கொல்வது சூடுதான். கேபினெட் என்கிற அந்தப் பெட்டிக்குள் சூடு தங்கினால் மெஷின் தானாக அணைந்துவிடும். அம்மாருக்கு அதில்தான் தனி ருசி. "முன்னால வாங்கணும், பின்னால தள்ளணும், நடுவுல எதுவும் குறுக்க நிக்கக்கூடாது. அம்புட்டுதான் அண்ணாச்சி" என்பான். ஃபேன்களைத் திருப்பி மாட்டுவான், வயர்களை ஓரமாக இழுத்துக் கட்டுவான், பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டியின் முன்னால் பிடிப்பான். புகை உள்ளே போய்ப் பின்பக்கம் வெளியே வந்தால் வேலை முடிந்தது. கடைசியாகப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். வெதுவெதுப்பாகக் காற்று கையில் அடித்ததும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "என்னல, பெட்டிக்குப் பிரசவம் பாத்த மாதிரி சிரிக்க?" என்று கிண்டல் செய்வேன்.

அப்படிப்பட்டவனுடைய வீட்டுக்குள் காற்று இல்லை.

கோலி என்று இங்கே சொல்லும் அவனுடைய ஒற்றை அறை வீட்டுக்கு ஒரே வாசல். மற்ற மூன்று பக்கமும் மற்றவர்களின் சுவர். மேலே தகரக் கூரை. மே மாதம் அதற்குள் நுழைந்தால் மூச்சு திரும்பாது. அவன் மனைவி ஆஸியா அதற்குள்தான் நாள் முழுக்க இருந்து பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகச் சிரிக்கிற பெண். கடைக்கு அவன் கொண்டுவரும் டப்பாவில் எனக்கும் சேர்த்து ஆணம் என்று அவர்கள் சொல்லும் குழம்பு வைத்து அனுப்புவாள். போன வருஷம் இருமல் வந்தது. இருமலுக்கு மருந்து, காய்ச்சலுக்கு மருந்து என்று ஓடிக் கடைசியில் டிபி என்றார்கள். முதலில் கொடுத்த மாத்திரைகள் கேட்கவில்லை. இன்னும் கடுமையான மருந்துக்கு மாற்றினார்கள்.

"மருந்து பாதிதான். ரூம்ல காத்து ஓடணும். ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் போகணும்" என்று டாக்டர் சொன்னாராம். அம்மார் அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தான். "நான் ஊருக்கெல்லாம் சொல்லுதத எனக்குச் சொல்லுதாரு அண்ணாச்சி" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜன்னல் உள்ள வீடாகத் தேடினோம். வடாலா வரை போய்ப் பார்த்தேன். அவன் கைக்கு எட்டுகிற வீடுகளில் எதற்கும் ஜன்னல் இல்லை. ஊருக்கு அனுப்பலாமா என்று கேட்டதற்கு, இந்த மருந்துக்கு இங்கேதான் ஆஸ்பத்திரி, நடுவில் விட்டால் அவ்வளவுதான் என்றான். சந்தில் யாருக்கும் வியாதியைச் சொல்லவில்லை. தெரிந்தால் அந்த ஒற்றை அறையும் போய்விடும் என்ற பயம்.

அப்புறம்தான் பின்சுவரைக் குடைந்தான். அந்தச் சுவருக்கும் பின்வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி உண்டு. குப்பையும் எலியும் மட்டும் போய்வருகிற இடம். கடையில் கழித்துப்போட்ட கேபினெட் ஃபேன்களை எடுத்துப்போய் ஓட்டையில் மாட்டினான். பழைய பவர் சப்ளை ஒன்றில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்து அதை உயிர்ப்பித்தான். ஞாயிற்றுக்கிழமை, உதவிக்கு நானும் போயிருந்தேன்.

ஊதுபத்தி கொளுத்தினான். வாசலில் பிடித்த புகை அறைக்குள் நீண்டு, ஆஸியாவின் தலைக்கு மேலே போய், ஓட்டைக்குள் நுழைந்து மறைந்தது. ஆஸியா முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

"ஏங்க, நானும் ஒரு கம்ப்யூட்டர் ஆயிட்டேனா?" என்றாள்.

"அந்தக் காத்து எங்கல போவும்?" என்று நான் கேட்டேன்.

"சூடான காத்து மேலதான் அண்ணாச்சி போவும். அந்த இடுக்கு வழியா வானத்துக்குப் போயிரும்" என்றான்.

பெட்டியில் அது சரிதான். ஆனால் பெட்டியின் பின்னால் யாரும் குடியிருப்பதில்லை.

அடுத்து வந்த நாட்களில் ஆஸியா நன்றாகத் தூங்கினாள். ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாளாம். அதை அம்மார் வந்து சொன்ன அழகைப் பார்த்திருக்க வேண்டும். அன்று திலக் நகர்ப் பையன் ஆதர்ஷ் தன் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, காற்று நுழைய வழியே இல்லை, உள்ளே கலர் கலராக விளக்கு. "அங்கிள், கேம் ஓப்பன் பண்ணினா மெஷின் தானா பந்த் ஆயிடறது" என்று புலம்பினான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் எவன் ஓடுவான்? அம்மார் பாட்டுப் பாடிக்கொண்டே அதைப் பிரித்தான். அவன் பாடி நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் அவன் திருப்புளியைத் தொடவே இல்லை. பிடித்து உலுக்கிக் கேட்டேன். முந்தின ராத்திரி அவன் வீடு திரும்பும்போது பின்வீட்டு இசக்கி அவனைச் சந்து முனையில் நிறுத்திப் பேசியிருக்கிறாள். கைக்குழந்தைக்காரி, வாயாடி, ஆஸியாவை மதினி என்று கூப்பிடுகிறவள்.

"அண்ணே, நீங்க ஃபேன் மாட்டுனீங்கல்லா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்! அந்தக் காத்து நேரா எங்க சுவத்து ஜாலிக்குல்லா வருது. நான் அடைச்சிருந்த பலகைய எடுத்துட்டு, தொட்டில அங்கேயே மாத்திக் கட்டிட்டேன். அன்னைக்கு ஊதுபத்தி வாசனகூட வந்துச்சு. பிள்ள என்னமா தூங்குதான் தெரியுமா!"

அவள் வீட்டுச் சுவரில் ஜாலி என்கிற காற்றுத் துவாரம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. பலகை மறைத்திருந்தது. மேலே வானமும் இல்லை. மழைக்காக மாடிவீட்டுக்காரன் கட்டிய நீலத் தார்ப்பாய் அந்த இடைவெளியை மூடியிருந்தது. ஆஸியா இருமிய காற்றையெல்லாம் வீணாக்காமல் கொண்டுபோய் ஒரு தொட்டிலில் கொட்டியிருக்கிறான். அட படைத்தவனே, இப்படியும் ஒரு விளையாட்டா!

அந்த ராத்திரியே அவன் வீட்டுக்குப் போனதும் ஃபேனை அணைத்து, ஓட்டையில் துணியைத் திணித்திருக்கிறான். ஆஸியா கேட்டதற்கு, எரிந்துபோய்விட்டது என்றானாம்.

"நீங்க மாட்டுன ஃபேனா எரியும்?" என்றாளாம் அவள்.

அவளிடமோ இசக்கியிடமோ உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "சொல்லுல, பச்சப்பிள்ள விஷயம்" என்று நான் கத்தினேன். "இன்னைக்குச் சொல்லிருதேன் அண்ணாச்சி" என்றான். அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் விஷயம் வேறு மாதிரி முடிந்துவிட்டது.

அன்று மத்தியானம் இசக்கியே பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸியாவின் வாசலுக்கு வந்திருக்கிறாள். "மதினி, ஏன் காத்த நிறுத்திட்டீங்க? இவன் ஒரே அழுகை. அண்ணன்கிட்டச் சொல்லி மறுபடி போடச் சொல்லுங்களேன். கரண்டுக்கு வேணா நாங்களும் தாறோம்."

ஃபேன் ஏன் எரிந்தது என்று அந்த நிமிஷமே ஆஸியாவுக்குப் புரிந்திருக்கிறது. முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு அறையின் மூலைக்கு நகர்ந்தாளாம்.

"இசக்கி, அங்கேயே நில்லு. உள்ள வராத. எனக்கு டிபி. உன் பிள்ளைக்கு வந்தது இந்த ரூம்ல இருந்து போன காத்து. இப்பமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. எங்களத் திட்டுததா இருந்தா வந்து திட்டிக்கோ, போ."

"முதல்லயே சொல்லக்கூடாதா மதினி?" என்று மட்டும் கேட்டுவிட்டு இசக்கி ஓடினாள்.

குழந்தைக்கு இதுவரை ஒன்றும் இல்லை. முன்னெச்சரிக்கையாக மருந்து கொடுக்கிறார்கள், தொடர்ந்து கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இசக்கி சந்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சண்டைக்கும் வரவில்லை. வந்து நாலு வார்த்தை ஏசியிருந்தால் அம்மாருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவளுடைய வீட்டுக்காரன் தகரம் கொண்டுவந்து ஜாலியை அடைத்தான். அவன் செய்தது சரி. அவனிடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பிறகு நான் யார்மேல் கோபப்படுவது?

அதற்குப் பிறகு அம்மாரும் தன் பக்கத்து ஓட்டையைச் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டான். ஆஸியாவின் இருமல் கூடியிருக்கிறது. டப்பாவில் எனக்கு ஆணம் வருவதில்லை.

நேற்று ஆதர்ஷ் தன் கேபினெட்டை வாங்கிப்போக வந்தான். அம்மார் ஊதுபத்தி கொளுத்தவில்லை. பின்பக்கம் உள்ளங்கையை மட்டும் வைத்தான், எடுக்க மறந்து அப்படியே நின்றான். ஆதர்ஷ் என்னைப் பார்த்தான். "கொண்டு போப்பா, சரியாயிட்டு" என்று நானே தூக்கிக் கொடுத்து அனுப்பினேன்.

"அழணும்னா அழுது தொலையேம்ல" என்றேன்.

அவன் அழவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"அவங்க ஜாலில ஆணி அடிச்சாங்கல்லா அண்ணாச்சி, அப்ப நான் வீட்லதான் இருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஆஸியா சுவத்துல கைய வச்சுக்கிட்டு, 'நல்லா அடிங்க, இடைவெளி இல்லாம அடிங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா."