கொலோனில் ஊறிய உளுந்து

போன மாதம் கதிரைக் கூட்டிக்கொண்டு கொலோன் போயிருந்தேன். கதிர் எங்கள் அலுவலகத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த பையன். ஸ்டுட்கார்ட்டில் முதல் குளிர்காலத்தை அழாமல் தாண்டியதற்குப் பரிசாக ஓர் ஊர்சுற்றல். ரைன் ஆற்றங்கரையில், இடமில்லாத பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி நெருக்கியடித்து நிற்கும் அந்த ஒல்லியான வண்ண வீடுகளைப் பார்த்ததும் செல்பேசியை எடுத்துவிட்டான்.

"செம, பிரதர். ஒரு ஐந்நூறு வருஷம் இருக்குமா?"

"உங்க தாத்தா வயசு இருந்தா அதிகம். ரெண்டாம் உலகப் போர்ல எல்லாம் தரைமட்டம். பழைய மாதிரியே திரும்பக் கட்டினது."

அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் 'ஐந்நூறு வருடப் பழமை' என்று போட்டே படத்தை ஊருக்கு அனுப்பினான். எதைப் பார்த்தாலும் புரட்டிப் பார்க்கிற புத்தி எனக்குப் பிறவியில் வந்ததில்லை. இந்த ஊரில்தான், ஒரு யாழ்ப்பாணத்து அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

நான் முதல் வேலைக்கு வந்தபோது குடியிருந்த தெருவைக் காட்டலாமென்று, காதலர்கள் பூட்டு மாட்டி வைத்திருக்கும் ரயில் பாலத்தில் நடந்து அக்கரைக்குப் போனோம். தெருமுனை திரும்பியதும் ஒரு வாசனை. ஈரக் கல்மாவு வாசனை. பூமியில் துளை போடுகிற இடத்தில் மட்டும் வருவது. எனக்கு அது அப்பாவின் வாசனை.

அப்பா திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியில் வேலை செய்தவர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் சுற்றிவிட்டு வீட்டுக்கு வரும்போது காதுமடல்வரை வெள்ளையாக இருப்பார். கையெழுத்துக்குக் கட்டைவிரல்தான். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பள்ளிக்கூடம் போனபோது அவர் சொன்னது இது: "பூமிக்கடியில இது இருக்குது, அது இருக்குதுன்னு எவன் சொன்னாலும் நம்பாத கண்ணு. அச்சுல போட்டது பொய் சொல்லாது. அதப் படி." முதல் பாதியை அவரே வைத்துக்கொண்டார். இரண்டாம் பாதியை நான் பிடித்துக்கொண்டேன். மருந்துப் புட்டியில் நன்றாகக் குலுக்கவும் என்றிருந்தால் கை வலிக்கக் குலுக்குகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் போய் மாட்டியது மலர் அக்காவிடம்.

அக்கா ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்தார். கணவர் காலமாகி, மகள் பக்கத்து ஊரான பானில் படிக்கப் போய்விட்டதால் ஓர் அறை சும்மா கிடந்தது. வாடகைக்குக் கேட்டுப் போனவனை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார்.

"மச்சம் சாப்பிடுவீரோ?"

மீனும் இறைச்சியும்தான் மச்சம் என்று எனக்கு விளங்கவே சற்று நேரமாயிற்று. "சாப்பிடுவேனுங்க."

"குடி?"

"இல்லைங்க."

"இல்லையெண்டுதான் எல்லாரும் சொல்லுறது," என்றபடி வழிவிட்டார்.

வந்த முதல் ஞாயிறு பழைய நகரத்தைச் சுற்றிவிட்டு வந்து, கதிரைப் போலவே நானும் வாய் ஓயாமல் பேசினேன். அக்கா சோற்றைக் கிண்டிக்கொண்டே கேட்டார். "தம்பி, அந்தப் பெரிய தேவாலயம் கொஞ்சம் தப்பினது. மிச்சமெல்லாம் என்ர மாமியாரை விட இளசு. பழசு மாதிரிக் கட்டத் தெரிஞ்ச சனத்திட்டக் கவனமா இருக்கவேணும்."

அவருக்கு இந்த ஊர்மேல் சந்தேகம். எனக்கோ அவர்மேல். காரணம் இருந்தது. அந்த வீட்டில் எதுவும் அரைகுறையாகக் கிடக்காது. கீழே ரொட்டிக்கடைக்குப் போய்வரக்கூட, கொடியில் காயும் துணியை ஈரத்தோடு எடுத்து மடித்து வைத்துவிட்டுத்தான் போவார். கோப்பை கழுவி, அடுப்பைத் துடைத்து, திரும்பி வரவே போவதில்லை என்பதுபோல வீட்டைப் பூட்டுவார். ஒருநாள் இட்லி ஆசையில் உளுந்தை ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால், அறைச் சூடேற்றியின்மேல் ஒரு துண்டை விரித்து அத்தனை உளுந்தையும் காயப்போட்டிருந்தார்.

"அக்கா, இது என்னங்க?"

"ஆக்கள் இல்லாத வீட்டில ஒண்டும் ஊறப்போடக் கூடாது."

அதற்குமேல் விளக்கம் கிடையாது. நான் பலவிதமாக யோசித்தேன். சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்குக் கிளம்பப் போகிறாரோ? என்னைக் காலி பண்ணச் சொல்ல நாள் பார்க்கிறாரோ? சொன்னால் சிரிப்பீர்கள், கொஞ்ச நாள் கடவுச்சீட்டை மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். ஏன் மெத்தைக்கு அடியில் என்று கேட்காதீர்கள்.

அப்படியிருக்கையில்தான் இரண்டு தெரு தள்ளி அஸ்திவாரம் தோண்டிய இடத்தில் குண்டு அகப்பட்டது. அந்தப் பழைய போரில் விமானத்திலிருந்து விழுந்து, வெடிக்காமல் மண்ணுக்குள் போனது. இந்த ஊர்க்காரர்களுக்கு இது மழை மாதிரி. சுற்றியுள்ள வீடுகளைக் காலி செய்து, குண்டைச் செயலிழக்க வைத்து, மறுபடி உள்ளே விடுவார்கள். எங்கள் வாசலிலும் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. காலையில் வெளியேறவும், மாலையில் திரும்பலாம் என எதிர்பார்க்கப்படுகிறது. அச்சு ஆயிற்றே. தண்ணீர்ப் புட்டியும் ஆப்பிளுமாக நான் தயார்.

அக்கா வீட்டுடுப்போடு சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பலீங்களா அக்கா?"

"நீர் போம். நான் இஞ்ச இருக்கிறன்."

"பாம் அக்கா."

"இவ்வளவு காலமா வெடிக்காதது எனக்காகத்தான் காத்திருக்குதோ?"

"சாயங்காலம் திரும்பலாம்னு தெளிவாப் போட்டிருக்குங்க." தாளை நீட்டினேன்.

"அதாலதான் வரேலாது எண்டுறன்."

அழைப்புமணி அடித்தது. அக்கா உதட்டில் விரலை வைத்தார். பேசாமல் இருந்திருக்கலாம். சீருடைக்காரர் மணியடித்தால் திறக்கிற வளர்ப்பு என்னுடையது. திறந்துவிட்டேன். மஞ்சள் மேலங்கி போட்ட நகராட்சிப் பெண், விடியற்காலையிலிருந்து படியேறிய களைப்போடு நின்றார். இந்தத் தெருவில் நீங்கள்தான் கடைசி, நீங்கள் வெளியேறும்வரை குண்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் அதில் கைவைக்க முடியாது, ஊரே வெளியே காத்திருக்கிறது என்றார்.

அக்கா எழுந்து வந்தார். அவருடைய ஜெர்மன் என்னுடையதைப் போலத் தட்டுத்தடுமாறுவதில்லை. "ஒன்றுதான் இருக்கிறதென்று எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றார் அந்தப் பெண். "இந்த ஊரில் யாருக்கும் தெரியாது."

"மாலையில் திரும்புவோமா?"

"திரும்புவீர்கள் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் பேசத் தொடங்கினார். அந்தப் பெண் வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு, புரியாத மொழி முடியட்டும் என்று நின்றார்.

"சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் வெளிக்கிட்ட நேரம், தம்பி. மழை. அம்மா தோசைக்கு உளுந்து ஊறப்போட்டிருந்தவ. ரெண்டு மூண்டு நாளில திரும்பலாம் எண்டு ஒலிபெருக்கியில சொல்லிக்கொண்டு போனது. உம்மைப்போல ஒரு படிச்ச பெடியன்ர குரல். வழி முழுக்க அம்மா புலம்பினது வீட்டைப் பற்றி இல்லை. 'உளுந்து புளிக்கப் போகுது, உளுந்து புளிக்கப் போகுது' எண்டுதான். நாங்கள் திரும்பிப் போகேக்குள்ள கூரை இல்லை. கதவு இல்லை. குசினியில அந்தச் சட்டி மட்டும் வைச்ச இடத்தில இருந்தது. அடியில கறுப்பா, கல்லு மாதிரி. அதைப் பாக்க அம்மாவும் இல்லை."

இன்றைக்கும் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அலமாரியிலிருந்து என் உளுந்துப் பொட்டலத்தை எடுத்தேன். கிண்ணத்தில் கொட்டினேன். குழாயைத் திறந்தேன்.

"சாயங்காலம் நாமதான் அரைக்கறோம், அக்கா."

அறைவார் என்றுதான் நினைத்தேன். கிட்ட வந்தார், கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு குழாயைத் திரும்பத் திறந்தார். "உந்தத் தண்ணி காணாது," என்றார்.

அக்கா கட்டிய மூன்று பெரிய பைகளோடு இறங்கினோம். இரண்டு என் தோளில்.

ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். கீழ்வீட்டு மூதாட்டி பின்னல் வேலையோடு எங்களுக்கு முன்பே வந்திருந்தார். சிறுமியாக அந்தப் போரைப் பார்த்தவர். இப்படி எத்தனை தடவை வெளியேறியிருக்கிறார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவையும் கொண்டுவந்துவிட்டு இன்னும் என்ன கவலை?" என்று கேட்டார்.

"பருப்பை ஊறவைத்துவிட்டு வந்திருக்கிறேன்," என்றார் அக்கா.

மூதாட்டி ஊசியை நிறுத்தினார். "அப்படியானால் இன்றைக்கே முடித்தாக வேண்டும்," என்றார். சிரிக்கவில்லை.

முடிந்தது என்று அறிவித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும், செருப்புக்கால் படாத அந்தச் சமையலறைக்குள் முதல்முறையாகக் காலணியோடு நுழைந்தார். கிண்ணத்துக்குள் குனிந்தார்.

"தண்ணி குறைஞ்சிருக்கு. ஆரோ உள்ள வந்திருக்கினம்."

"உளுந்து குடிச்சிருக்குங்க, அக்கா."

ஒரு மணியை எடுத்து விரலால் நசுக்கினார். தோல் வழுக்கிக்கொண்டு கழன்றது. அந்த ஒற்றை உளுந்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ. நான் பைகளை இறக்கக்கூட மறந்து பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"மிக்ஸியை எடும்," என்றார், திரும்பாமலே.

படிக்கட்டு முழுக்க வடை வாசனை. கீழ்வீட்டுக்கும் ஒரு தட்டு போயிற்று. அதற்குப் பிறகு அக்கா ரொட்டிக்கடைக்குப் போகும்போது துணி கொடியிலேயே கிடந்தது. ரொட்டிக்கடைக்கு மட்டும். அதைவிடத் தூரம் என்றால் பழையபடிதான்.

இதையெல்லாம் கதிரிடம் சொல்லிக்கொண்டே போய் நின்றால், வீட்டைக் காணோம். இடித்துவிட்டிருந்தார்கள். கம்பிவேலிக்குள் வெறும் மண். அதில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் நட்டுவைத்த ஒரு பிளாஸ்டிக் குழாய். ஓரத்தில் சின்ன எந்திரம் ஒன்று அடுத்த துளையைப் போட்டுக்கொண்டிருந்தது. கல்மாவு வாசனை அங்கிருந்துதான்.

"தண்ணிக்கா பிரதர்?"

"குண்டு இருக்கான்னு பாக்கறாங்க." புதிதாகக் கட்டுமுன் இங்கே மண்ணைச் சந்தேகப்பட்டே ஆகவேண்டும், அது சட்டம். கதிர் நம்பவில்லை. நான் அவனுக்குக் கதை விடுவதாகவே நினைத்தான்.

சமையலறை எங்கே இருந்திருக்கும் என்று அண்ணாந்து தேடினேன். மூன்றாவது மாடி உயரத்தில் ஒரு புறா பறந்து போயிற்று. கிண்ணம் இருந்த இடம் ஏறக்குறைய அதுதான். கீழ்வீட்டு மூதாட்டி போன வருடமே காலமாகிவிட்டார். அக்கா பானில் மகளோடு இருக்கிறார். அழைத்தேன்.

"நம்ம வீட்ட இடிச்சுட்டாங்க, அக்கா."

"ஓம். மகள் போட்டோ காட்டினவ. கீழ ஏதும் கிடந்ததோ?"

எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவரிடம் அப்போதுதான் விசாரித்திருந்தேன். "ஒண்ணும் இல்லையாம்."

"இல்லையெண்டு ஆர் சொன்னது?"

"துளை போடறவரு."

"எவ்வளவு ஆழத்துக்குப் போட்டவராம்?"

அப்பா இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார். கதிரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, வேலியைச் சுற்றிக்கொண்டு, அதைக் கேட்கத் திரும்பப் போனேன்.