கதவைப் பார்த்து நின்ற பரல்கள்

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் கூடுதல். பால்காரர் சிரித்தால்கூட இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் சேர்த்தாரோ என்றுதான் தோன்றும். தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்த வருடங்களில் அது முற்றிப்போயிற்று. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எங்கள் ஊர். வேலிக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலையாளம். எல்லாருக்கும் இரண்டும் தெரியும். ஆள் எந்தக் கட்சி என்பதுதான் தெரியாது.

என் கொழுந்தன் ஊர்வலத்தில் போய், தடியடிக்குத் தப்பி ஓடிவந்தான். போலீஸ் தேடியது. கையில் கிடைத்தால் எலும்பை எண்ணிவிடுவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. என் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். அதனால் அவனை உள்ளறையில் ஒளித்துவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

உள்ளறைக் கதவை ஒட்டி, வெளியே கூடத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் சட்டம் அடித்து, ஜன்னல் கண்ணாடி பதித்து அவனே முன்பு செய்தது. அதில், வயல் வாய்க்காலில் துண்டு விரித்துப் பிடித்த பன்னிரண்டு பரல் மீன்கள். விரல் நீளம்கூட இல்லாத பொடிமீன்கள். ஒன்று திரும்பினால் பன்னிரண்டும் திரும்பும். அடைந்து கிடந்தவன் கதவைக் கையளவு திறந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கை நுணுக்கி அதில் போடுவான். போகப்போக உள்ளே கட்டில் முனகினாலே போதும், மொத்தக் கூட்டமும் கதவுப் பக்கம் ஓடிவிடும்.

பக்கத்து வீட்டு மலையாளி ஒரு வக்கீல் குமஸ்தா. தினமும் சாயங்காலம் எங்கள் பேப்பரை வாசிக்க வருவார். வரவேண்டாம் என்று சொன்னால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் பேப்பரை மடித்துவிட்டுத் தொட்டியையே பார்த்தார். மரச்சீனியோடு நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். ஒரு மீன்கூட என்னைச் சட்டை பண்ணவில்லை. எல்லாம் கதவைப் பார்த்து நின்றன.

"இதுக்கு ஆரு தீனி போடுது, மோளே?"

"நான் ஆக்கும்."

அவர் சும்மா தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். அவர் எங்கள் வீட்டைக் கைகாட்டி ஏதோ சொல்வதை வேலி வழியாகப் பார்த்தேன். அவர்கள் தெருவைத் தாண்டியதும், சந்தைக்குப் போகிறவன் மாதிரி தலையில் மரச்சீனிக் கட்டோடு களியக்காவிளைப் பக்கம் என் அம்மா வீட்டுக்குப் போகும்படி கொழுந்தனை அவசரப்படுத்தினேன்.

அவன் தயங்கினான். "மயினி, நான் இங்கயே கிடக்கேனே."

"எலே, அந்த ஆளு காட்டிக்கொடுத்தாச்சு. இன்னும் ஆளு கூட்டிட்டு வருவானுவ. போ."

மதியமே பாறசாலை பஸ் நிறுத்தத்தில் அவனைப் பிடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் குமஸ்தா வந்தார். பேப்பரைத் தொடவில்லை.

"மீனு நிக்கத கண்டப்பவே உள்ள ஆளு உண்டுன்னு எனக்குத் தெரியும். இந்த வீட்டுல ஒரு பெண்ணு மட்டுமே உண்டுன்னு சொல்லி நான் போலீச திருப்பி அனுப்பினேன். பின்ன எதுக்கு அவன வெளிய விட்ட?"

அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை வந்த கணவர், எவன் காட்டிக்கொடுத்தான் என்று கேட்டார். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.